எடுக்காத கல்

நவம்பர் 10, 2003, திங்கள்

தூறல். ஐந்தரைக்கு விட்டது, எட்டு மணிக்கு மறுபடி. பௌர்ணமிக் கூட்டம் வடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் வரை ரோடு முழுக்க பிளாஸ்டிக் தம்ளர்.

இந்த டைரி என் வீட்டுக்காரருடையது. பொங்கலுக்கு உரக்கடையில் கொடுத்தது. மார்ச் 8 வரை அவர் எழுத்து, அதன் பிறகு வெள்ளை. நல்ல தாள், வீணாகிறதே என்று எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

மனு நாள். கலெக்டர் ஆபீஸ் எதிரே என் மேஜையைச் சுற்றிக் கூட்டம். டைப் அடித்தது: பட்டா மாறுதல் 9, முதியோர் உதவி 6, குடிநீர் 3, 'அண்ணன் மகன் வேலியைப் பிடுங்கினான்' 1. ரிப்பன் மங்கல், மாற்ற வேண்டும். பக்கத்துக் கடை ஜெராக்ஸ் ரஷீத் பாய்க்கு நோன்பு. அவர் எதிரில் டீ குடிக்கக் கூச்சமாக இருந்ததால் மெஷினுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து குடித்தேன்.

பகல் ஒரு மணிக்கு ஜவ்வாது மலையிலிருந்து இரண்டு பெண்கள். பெரியவள் ஐம்பது இருக்கும். சின்னவள் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். குடை கையில் இருக்கிறது, விரிக்கவில்லை, நனைகிறாள்.

"வாத்தியாரு வூட்டம்மாங்களா?"

அவரை மலையில் வாத்தியார் என்பார்கள். டவுனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார், அதனால். ஞாயிறு தவறாமல் செங்கம் ரோட்டு லாட்ஜ்களிலிருந்து நாலைந்து வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவார். அங்கே புளியமேடு என்ற ஊரில் பெண்கள் சங்கம் சேர்ந்து அவர்களை நடத்திக் கூட்டிப்போய், காடு, கழனி, குள்ளர் வீடு என்று சொல்கிற பழங்காலக் கல் அறை எல்லாம் காட்டி, சாமைச் சோறு போட்டு அனுப்பும். வழி அவர்களுடையது, கதை அவர்களுடையது. இவர் வாய் மட்டும். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. முட்டி வலி என்று சொல்லிக்கொள்வேன்.

வந்தவள் பச்சையம்மாள், சங்கத்துத் தலைவி. மலையில் கடை வைத்திருப்பவள். அந்தக் கடையில்தான் காயின் போன். மேஜை மேல் ஒரு பாட்டில் தேன் வைத்தாள்.

"உடம்பு இப்ப எப்படி இருக்குது உங்களுக்கு?"

எந்த உடம்பு என்று கேட்க வாய் திறந்தேன். நல்லவேளை மூடினேன்.

"அன்னிக்கி போன்ல அப்படி மூச்சு வாங்கிக்கினு பேசுனீங்க. நான்தான் எடுத்தேன். தேனை வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் சாப்டுங்க, மயக்கம் வராது."

சரி என்றேன்.

மரத்தடியில் நிற்பவளைக் காட்டி, "அது செண்பகம். கல்லு அது பொறுப்பு. உங்க முன்னாடி வர மாட்டேன்னு நிக்குது" என்றாள்.


நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. மேகம். தேன் ஒரு ஸ்பூன். எனக்கு இல்லாத வியாதிக்கு மருந்து, நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று முழுதாக எழுதவில்லை. கை வலித்தது.

கல் விஷயம் அவர் சொல்லி எனக்கும் தெரியும். நடக்கப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் திரும்பியதும் செண்பகம் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். "வந்துட்டேன்" என்று சொல்லி அவரவர் கல்லை அவரவர் எடுக்க வேண்டும். ஒரு கல் மிச்சம் இருந்தால் ஓர் ஆள் இன்னும் காட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். தேடப் போவார்கள். அடுத்தவர் கல்லைத் தொடக்கூடாது.

வெள்ளைக்காரர்களிடம் இவர் அதை ஆயிரம் வருஷப் பழக்கம் என்று சொல்வாராம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பட்டாம்பூச்சியைப் போட்டோ எடுக்கிறேன் என்று போன ஒரு ஆள் இருட்டும்வரை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் சங்கத்தில் பேசி வைத்த ஏற்பாடு இது. கேட்டால், "ஆயிரம்னாதான் ஒழுங்கா கல்லை வைக்கிறானுங்க" என்பார்.

மார்ச் 9 அன்று போன் செய்தி கிடைத்ததும் அவர் நடையைப் பாதியில் விட்டு, கல்லை எடுக்காமல் கிளம்பிவிட்டார். மலை ரோட்டில் மூன்றாவது வளைவு. எதிரே லாரி, இவர் டி.வி.எஸ். மொபெட்.

பச்சையம்மாள் சொன்னது: "செண்பகம் அங்கதான் குந்திக்கினு இருந்துது. 'சார், கல்லு'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா நின்னு எடுத்திருப்பாரு, அந்த லாரி தாண்டிப் போயிருக்கும். நாங்க எல்லாருமே தப்பு பண்ணிட்டோம். அதான் மன்னாப்பு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

கல் இன்னும் மரத்தடியிலேயே கிடக்கிறதாம். எட்டு மாதமாக நடை இல்லை. "ஒரு கல்லு கிடக்கறப்போ இன்னொரு ஆளை எப்படி மேல ஏத்தறது? நீங்க வந்து எடுத்தாத்தான்."

பார்க்கிறேன் என்றேன். ஆபீஸ்காரர்கள் சொல்கிற பார்க்கிறேன்.


நவம்பர் 13, வியாழன்

வெயில். கடையில் ஆள் இல்லை. ஒரு தாளைச் சொருகி அடித்துப் பார்த்தேன்.

அனுப்புநர்: வசந்தா, வேங்கிக்கால்.
பெறுநர்: பச்சையம்மாள், புளியமேடு.
பொருள்: 9.3 அன்று தொலைபேசியில் பொய் சொன்னது, தொடர்பாக.
பார்வை: தாங்கள் நேரில் வந்தது, நாள் 10.11.

அம்மா, மேற்படி பொருள் குறித்துத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்

ரிப்பன் சிக்கிக்கொண்டது. இல்லை, சிக்கவில்லை. நானேதான் நிறுத்தினேன். தாளைக் கிழித்து ரஷீத் பாய் குப்பைக்கூடையில் போட்டேன். என் கூடையில் போட்டிருந்தால் திரும்ப எடுத்துப் படித்திருப்பேன்.

வாங்க: ரிப்பன், சோப்பு, 40 வாட் பல்பு.


நவம்பர் 16, ஞாயிறு

மூடாப்பு. தேன் ஒரு ஸ்பூன். துணி காயவில்லை.

ஞாயிறு என்பதால் எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

மார்ச் 9.
காலை 6: அவர் கிளம்பினார். இந்த ஞாயிறாவது வீட்டில் இருங்க என்றேன். சாயங்காலம் வந்துடறேன் என்றார். எல்லா ஞாயிறும் அதையேதான் சொல்வார்.
9: கோழி வாங்கினேன். அரைக் கிலோ.
11.30: குழம்பு இறக்கியாயிற்று. நன்றாக வந்திருந்தது. எனக்குக் கோழிக் குழம்பு எப்போதாவதுதான் கைகூடும்.
12.10: முக்கு பூத்துக்குப் போனேன். மாடியில் இருக்கிறது, செங்குத்துப் படி. ஏறியதில் மூச்சு வாங்கியது. அது மட்டும்தான் உண்மை.
"உடம்பு முடியல, கண்ணைக் கட்டுது, உடனே வரச் சொல்லுங்க" என்றேன்.
1.40: வளைவு.

ஒன்றும் இல்லை எனக்கு. சூடாகச் சாப்பிட வரட்டுமே என்றுதான். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு அலுத்துவிட்டது. ஒரு கோபம், கொஞ்சம் விளையாட்டு. வந்ததும் நாலு திட்டு திட்டுவார், பிறகு தட்டைப் போட்டு உட்காருவார் என்று நினைத்தேன்.

கல்லை எடுக்காமல் போனாராம். எட்டு வருஷமாக மலைக்குப் போகிறவர், கல் வழக்கத்தை ஊருக்கெல்லாம் சொன்னவர், அவர் கல்லை அவரே மறந்துவிட்டுப் போனார் என்றால், நான் சொன்னதை முழுசாக நம்பியிருக்கிறார். கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை.

இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது. ஊசி மருந்து இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பார்கள்.

மதியம்: தயிர் சாதம்.


நவம்பர் 17, திங்கள்

நல்ல மழை. மனு குறைவு.

பதினொரு மணிக்கு செண்பகம் வந்தாள். தனியாக. என்னிடம் வரத் தயங்கி முதலில் ரஷீத் பாய் கடையில் நின்றாள். "இங்க டைப் அடிக்கறது இல்லம்மா, அந்தம்மாகிட்ட போ" என்று அவர் இந்தப் பக்கம் அனுப்பினார். முப்பது வயது இருக்கும். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பேசினாள்.

மனு: வேறு ஊரில் சத்துணவு ஆயா வேலை கேட்டு.

"உங்க ஊருலயே காலி இருக்காமே, ஏன் வேற ஊர்?"

"எங்கூர்ல நான் பொங்கிப் போட்டா பசங்களை அனுப்ப மாட்டேன்றாங்க."

"ஏன்?"

கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆடி மாசம் சாமை வெதைக்கறப்போ வெதையை முறத்துல அள்ளிக் குடுக்கறது எப்பவும் நான்தான். இந்தத் தபா தொட விடலை. கல்லை எடுக்க வெக்காம ஒரு உசிரை அனுப்புன கைன்னு மாமியா சொல்லுது. வூட்டுக்காரரும் ஒண்ணும் பேச மாட்டேன்றாரு. பச்சையக்கா மட்டும்தான் கூட வருது, அதுவும் இல்லன்னா..."

அப்புறம், "நீங்க என்னை இன்னா திட்டுனாலும் நான் கேட்டுக்கறேம்மா" என்றாள்.

நான் மெஷினைப் பார்த்து அடித்தேன். பெயர். கணவர் பெயர். அவள் கணவர் பெயரை வாயால் சொல்லவில்லை, ரேஷன் கார்டை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அந்த ரகம்தான். ஊர் முழுக்க யார் புருஷன் பெயரையும் டைப் அடிப்பேன், என் வீட்டுக்காரர் பெயரை இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பேர் கேட்டபோதும் சீட்டு வாங்கி எழுதித்தான் கொடுத்தேன்.

மனுவில் அவள் சொல்லாத ஒரு வரியை நானே சேர்த்தேன். 'மேற்படி சம்பவத்திற்கு மனுதாரர் எவ்விதத்திலும் பொறுப்பல்ல, ஏனெனில்'

அங்கேயே நின்றது. அவள் காத்திருந்தாள். மழைச் சத்தம்.

"இன்னாம்மா, மிஷின் ரிப்பேரா?"

'ஏனெனில்' மேல் எக்ஸ் எக்ஸாக அடித்து மறைத்தேன். முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், எக்ஸைத் தடவிப் பார்த்து, "இது இன்னா, முத்திரையா?" என்றாள்.

ஆமாம் என்றேன். இது இரண்டாவது பொய். யாரும் என்னை அந்த இடத்தில் பொய் சொல்லச் சொல்லவில்லை.


நவம்பர் 20, வியாழன்

பனி. தேன் பாதிக்குக் கீழே.

ரஷீத் பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி. அவரே கொண்டுவந்தார். தூக்கு மூடியைத் திறந்துகொண்டே, "அந்த மலைக்காரப் பொண்ணு போனதுலேர்ந்து நீ தப்பு தப்பா அடிக்கறே. ஒரே மனுவை மூணு தபா அடிச்சே. காயிதம் ஜாஸ்தி செலவாவுது" என்றார்.

முட்டி வலி என்றேன்.

"டைப் கையாலதானே அடிக்கறே" என்று சொல்லிவிட்டுப் போனார்.


நவம்பர் 22, சனி

பச்சையம்மாள் கடைக்குப் போன் போட்டேன். அதே பூத், அதே படி. மேலே போய் மூச்சு அடங்கும்வரை நின்று, பிறகு டயல் செய்தேன்.

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன்.

அவள் கேட்டாள், "கல்லை எடுக்கவா?"

"ஆமாம்."

"அப்போ அப்படியே ரெண்டு பேரைக் கூட்டினு வாங்க. நடையையும் தொடங்கிரலாம். சும்மா கல்லை மட்டும் எடுத்துட்டுப் போனா நல்லா இருக்காது."

எனக்கு இங்கிலீஷ் பேச வராது, டைப் அடிக்கத்தான் வரும் என்றேன். "வாய்னு ஒண்ணு இருக்குது இல்ல" என்றாள்.


நவம்பர் 26, புதன்

ரம்ஜான். ஜெராக்ஸ் கடை லீவு. பிரியாணி வந்தது. ஆடுதான், கோழி இல்லை. சாப்பிட்டேன்.

செங்கம் ரோட்டில் அவர் வழக்கமாகப் போகும் லாட்ஜில் விசாரித்தேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, அறுபது தாண்டியவர்கள், வருகிறார்களாம். அந்த அம்மாவுக்கும் முட்டி வலியாம். எங்கள் இரண்டு பேர் முட்டியைப் பற்றிச் சைகையிலேயே பத்து நிமிஷம் பேசினோம்.


நவம்பர் 30, ஞாயிறு

போளூர் பஸ் ஸ்டாண்ட், சாயங்காலம். திருவண்ணாமலை வண்டியில் தீபத்துக்குப் போகும் கூட்டம். மூன்று வண்டி விட்டாயிற்று. வெள்ளைக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். சிமெண்ட் பெஞ்சில் எழுதுகிறேன். மறப்பதற்குள்.

காலை 6.10 வண்டி. மலை ரோட்டில் மூன்றாவது வளைவு வந்தபோது கண்ணை மூடவில்லை. வளைவு, அவ்வளவுதான். ஒரு தகரப் பலகை, 'ஒலி எழுப்பவும்'.

புளியமேடு. கடை, போன், அதற்கு எதிரே புளியமரம். சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர், தலை வாரிப் பூ வைத்து. இன்னும் கொஞ்சம் ஊர்க்காரர்கள், செண்பகத்தின் மாமியார் உட்பட. செண்பகம் எல்லோருக்கும் பின்னால்.

கல் சின்னதாக இருந்தது. எலுமிச்சம்பழம் அளவு. சாம்பல் நிறம், ஒரு பக்கம் வெள்ளைக் கோடு. நான் என்னவோ பெரிதாக நினைத்திருந்தேன். சுற்றிலும் பெருக்கியிருந்தார்கள். அதை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கியதில் அடியில் புல் முளைத்திருந்தது.

பச்சையம்மாள் சொன்னாள். "போன வருசம் ஒரு அம்மாவுக்குக் கால் பிசகி ஜீப்புல அனுப்பிட்டோம். அது ரூமுக்குப் போய்ச் சேந்துருச்சின்னு தெரிஞ்சப்புறம் அதோட சிநேகிதம் கல்லை எடுத்துது. அதே மாதிரிதான். நீங்க அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அப்புறம் 'வூட்டுக்கு வந்துட்டாரு'ன்னு நீங்களே சொல்லி எடுத்துக்கணும்."

"பேரா?"

"பேருதான். வாத்தியாருன்னா ஊருல நாலு பேரு இருக்காங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்க நினைத்தேன். டைப் மெஷின் இல்லை, சீட்டு இல்லை.

"தணிகாசலம்" என்றேன்.

முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது. யாரையோ அதட்டுகிற மாதிரி வந்தது.

இப்போது வந்துட்டாரு என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது. உடம்பை வேங்கிக்காலுக்குத்தானே கொண்டுவந்தார்கள், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பொய்கூட இல்லை.

"வரலை" என்றேன்.

பச்சையம்மாள், "இன்னாம்மா?" என்றாள்.

"வரலை. எனக்கு அன்னிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கோழிக் குழம்பு வெச்சிருந்தேன், வந்து சாப்பிடட்டும்னு பொய் சொல்லிக் கூப்பிட்டேன். நம்பி ஓடி வந்தாரு. வந்து சேரலை. செண்பகம் கல்லுன்னு கத்தியிருந்தாலும் அவரு காதுல விழுந்திருக்காது. தப்பு என்னுது. எட்டு மாசமா வாயை மூடிக்கினு இருந்ததும் நான்தான்."

கடைக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, யாரோ போய் நிறுத்தினார்கள். அந்த வெள்ளைக்கார அம்மா என்ன நடக்கிறது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

பச்சையம்மாளுக்குக் கோபம். மூக்கு விடைத்தது. "அந்தத் தேனைப் பொத்துல கை வுட்டு எடுத்தது இதோ இந்தப் பொண்ணுதான், தெரியுமா? உங்க உடம்புக்குன்னு."

தெரியாது. "தினம் சாப்பிட்டேன்" என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்சம்தான். நின்றும்விட்டது.

செண்பகத்தின் மாமியார் என்னவோ முணுமுணுத்தாள். 'அப்போ இந்தக் கல்லு?' என்கிற மாதிரி. ஒரு ஆள், "கெடக்கற கல்லை வெச்சிக்கினு நடை போவக்கூடாது, அது சட்டம்" என்றார்.

"சட்டம் நாங்க போட்டது" என்றாள் பச்சையம்மாள். "மூணு வருசம் முன்னாடி இதே எடத்துல குந்தி நாங்கதான் போட்டோம்." பிறகு பின்னால் திரும்பி, "செண்பகம், வா. எண்ணு" என்றாள்.

செண்பகம் வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். குனிந்து, அவர் கல்லைத் தொடாமல், அதன் மேல் விரலைக் காட்டி, "ஒண்ணு" என்றாள்.

பிறகு எங்களைப் பார்த்தாள். நாங்கள் வைத்தோம். வெள்ளைக்காரர், ரெண்டு. அவர் மனைவி, மூணு. நான், நாலு. சங்கத்துப் பெண்கள், பதிமூணு வரை. என் இங்கிலீஷ்: "ஸ்டோன். புட். கம் பேக், டேக்." ஆயிரம் வருஷப் பழக்கமா என்று அந்த மனிதர் ஆசையாகக் கேட்டார். "நோ. த்ரீ இயர்ஸ்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. வீட்டுக்காரர் இருந்திருந்தால் என்னைக் கொன்றிருப்பார்.

நடந்தோம். சாமை அறுத்த கழனி, தேன் கூடு தொங்கும் பாறை, ஓடை. மேலே குள்ளர் வீடு: நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒன்று மூடியது, உள்ளே ஆடு படுத்திருந்தது. முட்டி வலித்தது, நிஜமாகவே. அவரைக்காய்க் குழம்பு, சாமைச் சோறு, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். செண்பகம் வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றரைக்குத் திரும்பினோம். பேர் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக வந்துட்டேன் சொல்லி எடுத்தார்கள். வெள்ளைக்கார அம்மா 'வண்டுட்டேன்' என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், மாமியார்கூட.

கடைசியாக நான். வாத்தியாரு வூட்டம்மா என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

"வசந்தா."

"வந்துட்டேன்" என்றேன். என் கல்லை எடுத்தேன்.

செண்பகம் குனிந்து தரையைப் பார்த்தாள். பச்சையம்மாள் கடை வாசலிலிருந்தே, "இன்னா, கணக்கு சரியா இருக்குதா?" என்று கத்தினாள்.

"ஒண்ணு மிச்சம்க்கா" என்றாள் செண்பகம். "சரியா இருக்குது."